குளத்து நீரில் ஒரு பாடம்: ஆபிரகாம் டிரெம்பிளேயும் இரு சிறுவர்களும்



அறிவியல் கண்டுபிடிப்பு என்றதும் வெண்மேலங்கி அணிந்த அறிஞரும் விலையுயர்ந்த கருவிகள் நிறைந்த ஆய்வுக்கூடமுமே நம் மாணவர்களின் மனக்கண்ணில் தோன்றுகின்றன. பாடநூற்படங்களும் அவ்வாறே அமைந்துள்ளன. ஆயினும், 18ஆம் நூற்றாண்டின் உயிரியலை உலுக்கிய ஒரு கண்டுபிடிப்பு அத்தகைய இடத்தில் நிகழவில்லை. சின்னஞ்சிறு பிள்ளைகள் இருவருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க அமர்த்தப்பட்டிருந்த ஒரு வீட்டாசிரியரின் அறையில், சன்னலோரத்தில் வைத்திருந்த கண்ணாடிச் சாடியில், வாய்க்காலிலிருந்து அள்ளி வந்த நீரில் அது நிகழ்ந்தது.

அந்த ஆசிரியரின் பெயர் ஆபிரகாம் டிரெம்பிளே. அவர் கண்ட உயிரியை இன்று ஹைட்ரா என அழைக்கிறோம். இடைநிலைப்பள்ளி உயிரியலில் 'அரும்புதல் வழி இனப்பெருக்கம்' என்ற பகுதியைப் படித்தவர் அனைவரும் அதன் படத்தைக் கண்டிருப்பர். ஆனால், அப்படத்திற்குப் பின்னால் ஓர் ஆசிரியரும் இரு மாணவர்களும் ஒரு குளமும் இருக்கும் செய்தியை நம்மில் பலர் அறிந்திலர். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களாகிய நாம் அறிந்து வைத்துக்கொள்ள வேண்டிய வரலாறு இது என்பதால் இங்குச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வீடும் ஆசிரியரும்

டிரெம்பிளே 1710ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் ஜெனிவா நகரில் பிறந்தார். அங்கேயே கணிதம் பயின்றார். ஊரில் தக்க பணி அமையாமையால் 1733இல் ஹாலந்து நாட்டுக்குச் சென்று, செல்வர் இல்லங்களில் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். அக்காலத்தில் படித்த இளைஞர் பலருக்கு இருந்த வாழ்வு இதுதான். பெரும்பதவி அன்று, புகழும் அன்று.

1740ஆம் ஆண்டில் அவர் வில்லெம் பெண்டிங் என்னும் பிரபுவின் இரு புதல்வர்களுக்கு ஆசிரியராக இருந்தார். (பிற்காலத்தில் இந்தியாவின் தலைமை ஆளுநராக வந்த வில்லியம் பெண்டிங் பிரபு இதே குடும்ப வழியினர்.) அவர்களின் கோடைக்கால மாளிகை ஹேக் நகரை ஒட்டியிருந்தது. சோர்க்ஃப்லீட் என்பது அதன் பெயர். 'கவலை அகலும் இடம்' என்று அதற்குப் பொருள் கூறுவர்.

பெயருக்கும் நிலைமைக்கும் பொருத்தமில்லை. அவ்வாண்டில்தான் பெண்டிங் பிரபுவும் அவர் மனைவியும் பிரிந்தனர். தாய் வீட்டைவிட்டுச் சென்றார். பிள்ளைகள் தந்தையிடமே தங்கினர். மூத்தவன் அந்துவான் 1734இல் பிறந்தவன். இளையவன் ழான் 1737இன் இறுதியில் பிறந்தவன். ஆக, ஆறு அகவையை எட்டும் ஒரு பிள்ளையும் மூன்றைக்கூட எட்டாத ஒரு பிள்ளையும்! தந்தையோ அரசியல் பணிகளில் மூழ்கியவர். நாள் முழுதும் அப்பிள்ளைகளோடு இருந்தவர் முப்பது அகவை நிரம்பும் இந்த ஆசிரியரே.

மனம் கலங்கிய சிறு பிள்ளைகளை நாற்காலியில் அமர்த்தி இலத்தீன் இலக்கணத்தை உருப்போடச் செய்வதால் பயன் விளையாது என்பதை நாம் அறிவோம். டிரெம்பிளே அவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றார். அக்காலத்தில் பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் பூச்சிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டு வந்தார். அதைப் படித்துத் தூண்டப்பெற்ற டிரெம்பிளே, தோட்டத்து வாய்க்கால்களிலும் குளங்களிலும் வாழும் உயிர்களைச் சேகரித்து வந்து கண்ணாடிச் சாடிகளில் வளர்க்கத் தொடங்கினார். பிற்காலத்தில் அவர் வெளியிட்ட நூலின் சித்திரங்களிலும் இக்காட்சி இடம்பெற்றுள்ளது. நீர்நிலை ஓரத்தில் ஆசிரியரும் இரு பிள்ளைகளும் நிற்கின்றனர். வேறொரு படத்தில் சாடிகள் அடுக்கிய அறையில் பிள்ளைகள் உடனிருக்க அவர் ஆராய்கிறார். அறிவியல் நூலொன்றில் ஆசிரியர் தம் மாணவர்களையும் படமாக வரையச் செய்தார் என்பதே நம் கருத்துக்குரியது.

பச்சை இழையா, பச்சை உயிரா?

1740 ஜூன் மாதம். வாய்க்காலில் மிதந்த நீர்ச்செடிகளை அள்ளிச் சாடியில் இட்டு, சன்னல் மேடையில் வைத்தார் டிரெம்பிளே. பாசியும் செடியும் கலந்த அந்த நீரில், செடித் தண்டுகளிலும் கண்ணாடியின் உட்புறத்திலும் சிறு பச்சைக் குழல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நீளம் அரிசியளவு. ஒரு முனை பற்றிக்கொண்டிருக்க, மறுமுனையில் மயிரிழை போன்ற சில நீட்சிகள் விரிந்திருந்தன. நிறம் பச்சை, உருவம் கிளைவிட்ட இழை. இவை ஏதோ சிறு செடி என்றே அவர் முதலில் கருதினார். யாராயினும் அவ்வாறே கருதியிருப்பர்.

சில நாள்களில் அந்த இழைகள் மெல்ல அசைவதைக் கண்டார். நீரோட்டத்தால் அசையலாம் என்று எண்ணினார். சாடியை மெல்ல ஆட்டிப் பார்த்தார். இழைகள் நீரோடு ஆடுவதற்கு மாறாக, முழு உருவமும் சட்டெனச் சுருங்கிப் பச்சைப் புள்ளியாகிவிட்டது! சற்று நேரத்தில் மீண்டும் நீண்டது. தொட்டாற்சுருங்கியும் சுருங்கத்தானே செய்கிறது? ஆகவே, அவர் உடனே முடிவுக்கு வந்துவிடவில்லை.

பின்னர் மற்றொன்றைக் கண்டார். சாடியின் வெளிச்சம் படும் பக்கத்தில் இவை மிகுதியாகக் கூடியிருந்தன. சாடியை அரைவட்டம் திருப்பி வைத்தார். சில நாள்களில் அவை மீண்டும் வெளிச்சப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தன. எப்படி வந்தன? உற்று நோக்கியபோது, அவை உடலை வளைத்து, தலைமுனையை ஊன்றி, வால்முனையை இழுத்துக்கொண்டு, அளவுப்புழுவைப் போலவே நடப்பதைக் கண்டார். செடி நடப்பதில்லை. அப்படியானால் இது விலங்கு.

ஆனால், கைகளை எண்ணிப் பார்த்தபோது மீண்டும் ஐயம் எழுந்தது. ஒன்றுக்கு ஆறு கைகள், இன்னொன்றுக்கு எட்டு, வேறொன்றுக்கு இன்னும் மிகுதி. விலங்குகளுக்கு உறுப்புகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. நாய்க்குக் கால் நான்கு. ஈக்குக் கால் ஆறு. கிளைகளின் எண்ணிக்கை மரத்துக்கு மரம் மாறுவது செடியினத்தின் இயல்பு. அப்படியானால் இது செடியோ?

ஆசிரியர்களே, இவ்விடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் என்று நாம் ஒவ்வோர் ஆண்டும் கற்பிக்கும் உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், முன் அனுமானித்தல் ஆகிய அனைத்தும் ஒரே சாடியில் வரிசையாக நிகழ்ந்துள்ளன. எவரும் அவற்றுக்குப் பெயர் சூட்டிக் கற்பிக்கவில்லை. கேள்வி ஒன்று விடாமல் துரத்தியது. திறன்கள் தாமாகவே வந்து சேர்ந்தன.

1740 நவம்பர் 25

ஐயத்தைத் தீர்க்க டிரெம்பிளே ஒரு சோதனையைக் கருதினார். செடியின் கிளையை வெட்டி நட்டால் துளிர்க்கும். விலங்கை இரண்டாக வெட்டினால் இறக்கும். எனவே, இந்த உயிரை வெட்டிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இரு துண்டும் பிழைத்தால் செடி, இறந்தால் விலங்கு. ஒரு தொடக்கப்பள்ளி மாணவனும் விளங்கிக்கொள்ளக்கூடிய கருதுகோள் இது.

நவம்பர் 25ஆம் நாள் ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டி, ஆழமில்லாத கண்ணாடிக் கலத்தில் இட்டார். இரு துண்டும் சுருங்கின, பின்னர் நீண்டன. தலைப்பகுதி முன்போலவே கைகளை அசைத்தது. வால்பகுதி உயிரோடு இருந்தது. ஆனால், வெறும் குழலாகக் கிடந்தது. பல்லியின் அறுந்த வால் சிறிது நேரம் துடிப்பதில்லையா? அதுபோல் இருக்கலாம் என்று கருதிக் காத்திருந்தார். ஒவ்வொரு நாளும் உருப்பெருக்கியால் பார்த்தார்.

ஒன்பதாம் நாள், அந்த வால்துண்டின் வெட்டுவாயில் சிறு முனைகள் எழும்பியிருப்பதைக் கண்டார். அவை வளர்ந்து கைகளாயின. டிசம்பரில் ஓர் உயிர் இருந்த இடத்தில், நடமாடும் முழு உயிர்கள் இரண்டு இருந்தன. எது பழையது, எது புதியது என்று பிரித்தறிய இயலவில்லை.

அவர் வகுத்த சோதனையின்படி விடை 'செடி' என்றாயிற்று. அவர் கண்ணால் கண்ட நடையோ 'விலங்கு' என்றது. சோதனை தோற்றதா? இல்லை. விலங்கு வெட்டுப்பட்டால் இறந்தே தீரும் என்று எல்லாரும் ஆராயாமல் நம்பியிருந்த கருத்துதான் தோற்றது. பிற்காலத்தில் இழப்பு மீட்டல் என்று பெயர் பெற்ற பெருந்துறைக்கு இதுவே வாயில் திறந்தது.

பாரிசுக்குச் சென்ற சாடி

தாம் கண்டதை டிரெம்பிளே அம்மாதமே ரெயோமூருக்குக் கடிதம் வழி தெரிவித்தார். கடிதத்தை மட்டும் நம்பும்படி அவர் வேண்டவில்லை. 1741இன் தொடக்கத்தில் உயிருள்ள மாதிரிகளையே அனுப்பினார். முதலில் அனுப்பியவை வழியிலேயே மடிந்தன. குழாயின் வாயை அரக்கிட்டு மூடியதால் காற்றுப் புகவில்லை. அடுத்த முறை தக்கை அடைத்து அனுப்பினார். அவை உயிரோடு சென்று சேர்ந்தன. ரெயோமூர் தம் கையாலேயே வெட்டிப் பார்த்தார். வியந்தார். 1741 மார்ச்சில் பாரிசு அறிவியல் கழகத்தில் இச்செய்தியை அறிவித்தார். 'பாலிப்' என்ற பெயரும் அவர் வழியே இவ்வுயிருக்கு அமைந்தது.

இச்செய்தி ஐரோப்பாவெங்கும் பரவியது. வரவேற்பறைகளில் இதுவே பேச்சாயிற்று. ஓர் உயிரை வெட்டினால் இரண்டாகும் என்றால், அதன் ஆன்மாவும் வெட்டப்பட்டதா என்று சமய அறிஞரும் மெய்யியலாரும் வழக்காடினர். 1743இல் இலண்டன் அரச கழகம் டிரெம்பிளேயைத் தன் உறுப்பினராக ஏற்று, அவ்வாண்டின் காப்ளே பதக்கத்தையும் வழங்கியது. ஒரு வீட்டாசிரியருக்குக் கிட்டிய பெருமை அது.

இன்னொரு வரலாற்றுச் செய்தியையும் இங்குக் குறிப்பிட வேண்டும். இவ்வுயிரை முதலில் கண்டவர் டிரெம்பிளே அல்லர். ஹேக் நகருக்கு அருகிலேயே உள்ள டெல்ஃப்ட் நகரின் துணி வணிகர் லேவன்ஹூக், தாமே செய்த நுண்ணோக்கியால் 1702இல் இதைக் கண்டு, உடலிலிருந்து குட்டி அரும்புவதையும் எழுதி வைத்திருந்தார். அதற்கும் முன்பு, 1674இல், ஓர் ஏரி நீரில் திருகுசுருளாக அமைந்த பச்சைப் பாசியிழைகளையும் நுண்ணுயிர்களையும் அவர் விவரித்திருந்தார். அப்படியிருந்தும் லேவன்ஹூக் கண்டதோடு நின்றது. டிரெம்பிளேயோ மாதக்கணக்கில் அதனோடு வாழ்ந்தார்; ஒவ்வொரு விடையிலிருந்தும் அடுத்த கேள்வியை எழுப்பினார்.

சாடிக்குள் ஓர் உலகம்

வெட்டியதோடு அவர் பணி முடியவில்லை. இவ்வுயிர் எதை உண்கிறது? குளத்து நீரில் மிதந்து திரியும் நீர்த்தெள்ளுகளை இட்டுப் பார்த்தார். நீந்தி வரும் தெள்ளு கையொன்றில் பட்டதும் ஒட்டிக்கொண்டது. கைகள் வளைந்து அதை வாய்க்குக் கொண்டு சென்றன. உடல் ஒளி ஊடுருவும் தன்மையது ஆகையால், விழுங்கிய இரை உள்ளே கரைவதையும் பார்க்க முடிந்தது. வாயும் வயிறும் இருப்பது உறுதியாயிற்று. செடி என்ற ஐயம் இத்தோடு அகன்றது.

இங்கு ஒரு சிறு விளக்கம். நீரோட்டத்தின் போக்கில் மிதந்து வாழும் நுண்பாசிகளையும் சிறு விலங்குகளையும் சேர்த்து இன்று பிளாங்டன் என்கிறோம். அச்சொல் 1887இல்தான் ஜெர்மானிய அறிஞர் விக்டர் ஹென்சனால் உருவாக்கப்பட்டது. சொல் பிறப்பதற்கு ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன்பே, நுண்பாசியை நீர்த்தெள்ளு உண்பதும், நீர்த்தெள்ளை ஹைட்ரா உண்பதுமான உணவுச் சங்கிலியின் மேற்கண்ணிகள் சோர்க்ஃப்லீட் சன்னலோரத்தில் பிள்ளைகளின் கண்முன்னே இயங்கிக்கொண்டிருந்தன.

1741இல் ஹைட்ராவின் பக்கவாட்டில் சிறு மொட்டு தோன்றி, கைகள் முளைத்து, தனியுயிராகப் பிரிந்து செல்வதைப் பதிவு செய்தார். பின்னர்த் தலையை நெடுக்கே பிளந்து பல தலைகள் உள்ள உயிர்களை உருவாக்கினார். ஏழு தலைகள் வரை வந்தன. வெட்ட வெட்டத் தலை முளைக்கும் ஹைட்ரா என்னும் கிரேக்கப் பழங்கதைப் பாம்பின் பெயர் இவ்வுயிருக்கு நிலைத்தமைக்கு இதுவே காரணம். பன்றி மயிரொன்றைக் கொண்டு, கையுறையின் உட்புறத்தை வெளியே திருப்புவதுபோல் ஹைட்ராவின் உடலையே புரட்டியும் காட்டினார். அதுவும் பிழைத்தது. இவை அனைத்தும் எளிய உருப்பெருக்கிக் கண்ணாடியும் நடுங்காத கையும் கொண்டு செய்யப்பட்டவை.

1744இல் லெய்டன் நகரில் அவர் நூல் வெளிவந்தது. அதன் 13 படத்தட்டுகளுக்கும் ஓவியம் வரைந்தவர் அவர் நண்பர் பியேர் லியோனே. தொழிலால் வழக்கறிஞரான அவர், செதுக்கும் கலையை அதற்கெனவே பயின்று அத்தட்டுகள் பலவற்றைத் தாமே செதுக்கினார்.

மறைத்தவரும் மறைக்காதவரும்

டிரெம்பிளேயின் பண்பை விளக்க ஓர் ஒப்பீடு துணைபுரியும். தம் நூல் வெளிவரும்வரை அவர் சாடிகளைப் பூட்டி வைக்கவில்லை. கேட்டோர்க்கெல்லாம் உயிருள்ள ஹைட்ராக்களை அனுப்பி வைத்தார். எப்படி வளர்ப்பது, எப்படி வெட்டுவது என்றும் எழுதி அனுப்பினார். 'என்னை நம்புங்கள்' என்பதைக் காட்டிலும் 'நீங்களே செய்து பாருங்கள்' என்பதே அவர் வழி. இலண்டன் அரச கழகத் தலைவர் மார்ட்டின் ஃபோக்ஸும் அவ்வாறு பெற்றுச் சோதித்தவரே.

அங்கிருந்து ஹென்றி பேக்கர் என்பவரும் ஹைட்ராக்களைப் பெற்றார். சோதனைகளைச் செய்து, 1743இலேயே பாலிப்பைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டுவிட்டார். கண்டுபிடித்தவரின் நூல் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. பேக்கரும் ஓர் ஆசிரியரே. செவிப்புலன் குன்றிய பிள்ளைகளைப் பேசவைப்பதில் வல்லவர். அதனால் பெரும்பொருள் ஈட்டினார். ஆனால், தம் கற்பித்தல் முறையை இரகசியமாகவே காத்து வந்தார். நுண்ணோக்கியைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்ததில் அவர் தொண்டு பெரிது, அதை மறுப்பதற்கில்லை. எனினும், பிறர் திறந்து வைத்த அறிவைப் பெற்றுக்கொண்டவர், தம் வகுப்பறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். பயிற்றுப்பொருள்களையும் பாடத்திட்டங்களையும் ஒருவர்க்கொருவர் பகிர்ந்துகொள்ளும் பழக்கத்தை வளர்க்க விரும்பும் நமக்கு, இவ்விரு ஆசிரியர்களின் வேறுபாடு சிந்தனைக்குரியது.

பச்சை நிறத்தின் உட்பொருள்

டிரெம்பிளே முதலில் கண்டது பச்சை ஹைட்ரா. அந்தப் பச்சை நிறமே அதைச் செடி என்று எண்ணச் செய்தது. பின்னர் அவர் பழுப்பு நிற வகைகளையும் கண்டு, மூன்று வகைகளை வேறுபடுத்திக் காட்டினார். ஆனால், பச்சைக்குக் காரணம் என்ன என்பதை அறியும் கருவியும் வேதியியலும் அக்காலத்தில் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விடை கிடைத்தது. பச்சை ஹைட்ராவின் உயிரணுக்களுக்குள் ஒருசெல் பச்சைப்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை வழி சர்க்கரையை உருவாக்கி ஹைட்ராவுக்கு அளிக்கின்றன. ஹைட்ரா அவற்றுக்குப் பாதுகாப்பும் பிற ஊட்டங்களும் தருகிறது. இதைக் கூட்டு வாழ்வு என்கிறோம். எனவே, 'செடியா, விலங்கா?' என்று அன்று எழுந்த ஐயம் முற்றிலும் வீணானதன்று. விலங்குக்குள் பாசி வாழ்ந்துகொண்டிருந்தது! மாணவன் ஒருவன் நாம் எதிர்பாராத விடையைக் கூறும்போது உடனே 'தவறு' என்று சிவப்புக்கோடு இடுவதற்கு முன், அவன் எதைப் பார்த்து அப்படிச் சொன்னான் என்று கேட்டறிய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

ஹைட்ராவைப் பற்றிய ஆய்வு இன்றும் தொடர்கிறது. நான்கு ஆண்டுகள் கண்காணித்தும் ஹைட்ராவில் முதுமையின் அறிகுறி தென்படவில்லை என்று 1998இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2010இல் அதன் மரபணுத்தொகுதி வெளியிடப்பட்டது. இழந்த உறுப்பு எவ்வாறு மீண்டும் வளர்கிறது என்ற கேள்விக்கு மருத்துவ உலகம் இன்றும் இச்சிறு உயிரிடம் பாடம் கேட்கிறது.

பிள்ளைகள் என்னவாயினர்?

பெற்றோர்கள் கேட்கக்கூடிய கேள்வி இது. சாடியும் பாசியுமாகப் பொழுதைக் கழித்த பிள்ளைகள் உருப்பட்டனரா?

இளையவன் ழான் இங்கிலாந்தில் ஜான் ஆல்பர்ட் பெண்டிங் எனப் பெயர் பெற்று, அந்நாட்டுக் கடற்படையில் கப்பல் தலைவராக உயர்ந்தார். கப்பலின் அடித்தளத்தில் தேங்கும் நீரை இறைக்கும் சங்கிலி இறைப்பானைச் செப்பனிட்டு மேம்படுத்தியவர் அவரே. 1775இல் மறைந்தார். குளத்து நீரைப் பார்த்து வளர்ந்ததால்தான் நீர் இறைக்கும் பொறியை மேம்படுத்தினார் என்று நான் கூறமாட்டேன். அவ்வளவு எளிதாகக் காரணம் கற்பிக்க இயலாது. ஆனால், ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று நின்று பார்க்கும் வழக்கம் உள்ள ஓர் ஆசிரியரிடம் அவர் வளர்ந்தார் என்பது உறுதி.

டிரெம்பிளே பிற்காலத்தில் ரிச்மண்ட் கோமகனின் கல்விப் பயணங்களில் துணையாசிரியராகச் சென்றார். பின்னர் ஜெனிவாவுக்குத் திரும்பி, 1757இல் மணம் புரிந்து, தம் பிள்ளைகளைத் தாமே கற்பித்தார். 1775இல் அவர் வெளியிட்ட நூல், இயற்கையையும் சமயத்தையும் பற்றி ஒரு தந்தை தம் பிள்ளைகளுக்குக் கூறும் அறிவுரையாக அமைந்தது. பதக்கம் பெற்ற பின்னரும் அவர் தம்மை ஆசிரியராகவே கருதி வந்தார் என்பதற்கு இந்நூல் சான்று. 1784 மே 12இல் காலமானார்.

நம் பள்ளிக்கு இவ்வரலாறு கூறுவது

நம் நாட்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஆயினும், 'வெளியில் அழைத்துச் சென்றால் பாடம் முடியுமா?' என்ற கவலை ஆசிரியரிடமும், 'எத்தனை பயிற்சிநூல் செய்தான்?' என்ற கேள்வி பெற்றோரிடமும் இன்னும் நீங்கவில்லை. வகுப்பறை மதிப்பீட்டில் உற்றறிதல் திறனுக்கு அடைவுநிலை குறிக்கிறோம். ஆனால், அத்திறனைப் பெரும்பாலும் அச்சிட்ட படத்தைக் காட்டியே சோதிக்கிறோம். படத்தில் உள்ள ஹைட்ரா சுருங்குவதில்லை, நடப்பதுமில்லை. வரைந்தவர் எதை அறிந்தாரோ அதை மட்டுமே அது காட்டும்.

பெற்றோரின் அச்சத்தில் நியாயம் உண்டு. ஈயக்குட்டைகளும் ஆற்றோரங்களும் பிள்ளைகளுக்கு ஏற்ற இடங்கள் அல்ல. டிங்கிக் காய்ச்சலும், எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பிரோசிஸ் நோயும் இங்கு உண்மையான ஆபத்துகள். ஆனால், டிரெம்பிளேயின் கண்டுபிடிப்புக்குப் பெருங்குளம் தேவைப்படவில்லை. சன்னலோரச் சாடியே போதுமானதாக இருந்தது. நாம் பின்வருமாறு செய்யலாம்.

1. அகன்ற வாயுடைய கண்ணாடிப் புட்டியில் பள்ளி மீன்தொட்டி நீரையோ, மீன் கடையில் விற்கும் நீர்ச்செடியோடு வரும் நீரையோ நிரப்புங்கள். ஹைட்ரா இத்தகைய செடிகளில் ஒட்டிக்கொண்டு வருவதுண்டு. குழாய்நீர் சேர்ப்பதாயின், குளோரின் அகல ஒரு நாள் திறந்து வைத்த நீரையே சேர்க்க வேண்டும்.

2. கொசு முட்டையிடாதபடி புட்டியின் வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள். தேங்கிய நீரில் கொசுப்புழு வளரவிடுவது 1975ஆம் ஆண்டின் நோய்பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி குற்றம் என்பதையும் மாணவர்க்குக் கூறுங்கள். அதுவும் பாடந்தான்.

3. நேரடி வெயில் படாத, வெளிச்சமான சன்னலோரத்தில் வையுங்கள். நாள்தோறும் ஐந்து நிமிடம் போதும். நாள், நேரம், கண்டது ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, படமும் வரையச் செய்யுங்கள். பெயர் தெரியாவிட்டால் மாணவரே ஒரு பெயர் வைக்கட்டும்.

4. புட்டியைத் தொட்ட பின் சவர்க்காரமிட்டுக் கை கழுவச் செய்யுங்கள்.

5. விடையை நீங்கள் முந்திக் கூறாதீர்கள்.

ஐந்தாவதே கடினமானது. ஆசிரியர் என்றால் எல்லாம் அறிந்தவர் என்று மாணவரும் பெற்றோரும் எதிர்பார்க்கின்றனர். நாமும் அவ்வெதிர்பார்ப்புக்கு ஏற்ப நடந்துகொள்கிறோம். சோர்க்ஃப்லீட் சன்னலோரத்தில் நின்ற ஆசிரியருக்கோ, அந்தப் பச்சைக் குழல் செடியா விலங்கா என்பது ஆறு மாதம்வரை தெரியாது. ஐரோப்பாவில் எவருக்குமே தெரியாது. தெரியாத ஒன்றை ஆசிரியர் எப்படி அணுகுகிறார் என்பதை அவ்விரு பிள்ளைகளும் நாள்தோறும் அருகிருந்து பார்த்தனர். தாயைப் பிரிந்த அப்பிள்ளைகளுக்கு, அவசரப்படாமல் தம்மோடு நின்று பார்த்த ஒரு பெரியவர் கிடைத்தார். அவர்கள் பெற்ற கல்வியில் இதுவே தலையாயது என்று நான் கருதுகிறேன்.

அடுத்த முறை உங்கள் மாணவனோ மகளோ வாளி நீரில் எதையோ கண்டு, 'இது என்ன?' என்று கேட்டால், பெயரைச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். 'எனக்கும் தெரியவில்லை, வா, நாளையும் பார்ப்போம்' என்று கூறிப் பாருங்கள். மறுநாள் அப்பிள்ளை உங்களுக்கு முன்பாகவே அந்த வாளியருகே வந்து நிற்கும்.